பள்ளத்தூர் வீட்டில் அறுந்துபோகும் வைஃபை: புது ரூட்டர் வாங்குவதற்கு முன்

கேட்ட கேள்வியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். "அண்ணே, பள்ளத்தூரில் எங்கள் பூர்வீக வீடு. 100 எம்பிபிஎஸ் ஃபைபர் இணைப்பு. அந்த இணைப்பு வந்து சேரும் வைஃபை பெட்டி முகப்பை ஒட்டிய அறையில் இருக்கிறது. நான் முன்கட்டைத் தாண்டி உள்ளே இருக்கும் இரண்டாம் கட்டு அறையில் உட்கார்ந்து சென்னை கம்பெனிக்கு வேலை பார்க்கிறேன். ஒரு நாளைக்கு ஐந்தாறு தடவை வைஃபை அறுந்துபோகிறது. சுவிட்சை அணைத்துப் போட்டால் வருகிறது, மறுபடி போய்விடுகிறது. அப்பத்தா சிங்கப்பூரில் இருக்கும் சித்தப்பாவோடு வீடியோவில் பேசும்போதும் படம் அப்படியே நின்றுவிடுகிறது. எட்டு ஆன்டெனா உள்ள ரூட்டர் ஒன்று பார்த்து வைத்திருக்கிறேன். வாங்கலாமா?"

தம்பி, இப்போதைக்கு வாங்காதீர்கள். காரைக்குடியைச் சுற்றியுள்ள ஊர்களில் பதினைந்து வருடத்துக்கு மேலாக வீடுகளுக்கு நெட்வொர்க் வேலை செய்கிறேன். நீங்கள் எழுதியதில் இரண்டு கோளாறுகள் கலந்து கிடக்கின்றன என்று எனக்குப் படுகிறது. சுவிட்சை அணைத்துப் போட்டால் சரியாவது ஒன்று. இரண்டாம் கட்டில் படம் நின்றுபோவது இன்னொன்று. முதலாவது பெரும்பாலும் அடாப்டர், சூடு, லைன் இந்த மூன்றில் ஒன்றாக இருக்கும். இரண்டாவதற்குக் காரணம் உங்கள் வீட்டுச் சுவர். ஒரு பெட்டியை மாற்றினால் இரண்டும் தீர்ந்துவிடும் என்று நினைத்துப் பணத்தைப் போட்டவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். அந்த நிலை உங்களுக்கு வரக்கூடாது என்றுதான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

முதல் வேலை இது. அடுத்த தடவை அறுந்தவுடன் சுவிட்சில் கை வைக்காதீர்கள். நேராகப் பெட்டியிடம் போய் விளக்குகளைப் பாருங்கள். எல்லா விளக்கும் அணைந்து, ஒவ்வொன்றாகத் திரும்ப எரிந்துகொண்டிருந்தால், பெட்டி தானாகவே செத்துப் பிழைக்கிறது என்று அர்த்தம். கோளாறு மின்சாரத்திலோ சூட்டிலோ இருக்கிறது. 'லாஸ்' (LOS) என்று எழுதிய விளக்கு சிவப்பாக எரிந்தால், ஃபைபரில் வரும் ஒளி உங்கள் பெட்டிக்கு வந்து சேரவில்லை; லைன்காரரைத்தான் கூப்பிட வேண்டும். ஃபைபர் இணைப்பைக் காட்டும் 'பான்' (PON) விளக்கு நிலையாக எரிந்து, இன்டர்நெட் விளக்கு மட்டும் அணைந்திருந்தால் கம்பெனி பக்கத்து லாகினில் கோளாறு. எல்லாம் ஒழுங்காக எரிகிறது, பெட்டிக்குப் பக்கத்தில் நின்றால் போனில் இணையம் நன்றாக ஓடுகிறது, இரண்டாம் கட்டில்தான் இல்லை என்றால், பெட்டியின் மீது ஒரு குற்றமும் இல்லை. இந்த நாலில் எது என்று தெரியாமல் செலவழிக்கும் ஒவ்வொரு ரூபாயும் குருட்டு அதிர்ஷ்டத்தை நம்பிப் போடுவது.

நீங்கள் சுவிட்சை அணைத்துப் போடும்போது இந்தத் தடயம் அவ்வளவும் அழிந்துபோகிறது. வீடு வீடாக நான் பார்ப்பது இதைத்தான். கோபத்தில் சுவிட்சைத் தட்டிவிட்டு, "என்னவோ ஆகிறது" என்பார்கள்.

விளக்கைப் பார்க்க ஓடும்போது சரியாகிவிடுகிறதா? அப்படியானால் ரூட்டரின் உள்பக்கத்தைத் திறந்து பாருங்கள். உலாவியில் 192.168.1.1 என்று தட்டினால் பெரும்பாலான பெட்டிகளில் திறக்கும். முகவரி வேறாக இருந்தால் பெட்டியின் அடியில் ஒட்டியிருப்பார்கள். அங்கே 'அப்டைம்' என்று ஒரு வரி இருக்கும். பெட்டி கடைசியாக உயிர்பெற்று எவ்வளவு நேரம் ஆகிறது என்று அது காட்டும். நீங்கள் காலையிலிருந்து தொடவே இல்லை, ஆனால் 40 நிமிடம் என்று காட்டுகிறது என்றால் பெட்டி தானாக அணைந்து எரிந்திருக்கிறது. சந்தேகத்துக்கு இடமே இல்லாத சாட்சி அது.

இன்னொரு சோதனையும் உண்டு. வேலை நேரத்தில் லேப்டாப்பில் கமாண்ட் பிராம்ப்ட் எனும் கறுப்புத் திரைகள் இரண்டைத் திறந்து வையுங்கள். ஒன்றில் உங்கள் ரூட்டருக்கு, அதாவது 192.168.1.1-க்கு, 'இருக்கிறாயா' என்று கேட்டுப் பதில் வாங்கும் பிங் கட்டளை நிற்காமல் ஓடட்டும். மற்றதில் வெளியே இருக்கும் கூகுளின் 8.8.8.8 முகவரிக்கு ஓடட்டும். அறுபடும்போது முதல் திரையிலேயே பதில் நின்றுபோனால், உங்கள் லேப்டாப்புக்கும் ரூட்டருக்கும் இடையில்தான் பிரச்சினை, வெளியே யாரையும் குறை சொல்லவேண்டாம். முதல் திரை 2, 3 மில்லிசெகண்டில் பதில் சொல்லிக்கொண்டே இருந்து, இரண்டாவது மட்டும் நின்றால் லைன் கோளாறு. இரண்டும் ஓடுகின்றன, ஆனால் இணையதளம் மட்டும் திறக்கவில்லை என்றால் பெயரை எண்ணாக மாற்றித் தரும் டிஎன்எஸ் தகராறு. ரூட்டரில் டிஎன்எஸ் முகவரியை 1.1.1.1 அல்லது 8.8.8.8 என்று மாற்றினால் பெரும்பாலும் தீரும்.

சரி, பெட்டி தானாக அணைந்து எரிகிறது என்று தெரிந்தால்? முதலில் அடாப்டர்தான். இதை அழுத்திச் சொல்கிறேன். கோட்டையூரில் ஒரு வீட்டில் இரண்டு வருடத்தில் இரண்டு ரூட்டர் மாற்றியிருந்தார்கள். இரண்டாவது ரூட்டர் வந்தபோது அதன் அடாப்டர் முள் சாக்கெட்டில் சரியாக நுழையவில்லை என்று, பழைய அடாப்டரையே புதுப் பெட்டிக்கும் மாட்டிவிட்டார்கள். நான் போனபோது அந்த அடாப்டரைக் கையால் தொடமுடியவில்லை, அவ்வளவு சூடு. மல்டிமீட்டரில் அதைத் தனியாக அளந்தால் 12 வோல்ட் அழகாகக் காட்டுகிறது. பெட்டியை மாட்டி ஓடவிட்டு அளந்தால் 10-க்கும் கீழே இறங்குகிறது. இரண்டு பேர் சேர்ந்து வீடியோ பார்த்தவுடன் பெட்டி அணைகிறது. உள்ளே இருக்கும் கெப்பாசிட்டர்கள் சூட்டில் வருடக்கணக்காக வறண்டு வறண்டு இந்த நிலைக்கு வந்துவிடும். புது அடாப்டர் ஒன்று மாட்டினேன். அந்த வீட்டு ஆச்சி மறுவாரம் போன் செய்து, "தம்பி, அன்றைக்குப் பிறகு ஒரு தடவைகூட நிற்கவில்லை" என்றார்கள். கழற்றிப் போட்டிருந்த முதல் ரூட்டரையும் ஓட்டிப் பார்த்தேன். அதுவும் நன்றாகத்தான் இருந்தது.

அடாப்டர் வாங்கும்போது பழையதில் எழுதியிருப்பதைப் படம் எடுத்துக்கொண்டு போங்கள். வோல்ட் அச்சு அசலாக அதேதான் இருக்கவேண்டும். 12 என்றால் 12, 9 என்றால் 9. ஆம்பியர் அதே அளவு அல்லது அதற்கு மேல் இருக்கலாம், குறையக்கூடாது. முள்ளின் நடுவில் பிளஸா மைனஸா என்று சின்ன வட்டப் படம் போட்டிருப்பார்கள், அதுவும் பொருந்தவேண்டும். பிஐஎஸ் எனும் இந்தியத் தர நிர்ணய அமைப்பின் முத்திரையும் அதன் கீழே ஆர் என்று தொடங்கும் பதிவு எண்ணும் இருக்கிறதா என்று பாருங்கள். தெருவோரத்தில் விற்கும் எடை இல்லாத அடாப்டர் வேண்டாம். நாள் முழுக்க, வருடம் முழுக்க ஓடும் பொருள் இது.

அடாப்டர் நன்றாக இருந்தும் பெட்டி அணைகிறது என்றால் இன்வெர்ட்டரைப் பாருங்கள். கரண்ட் போகும் நொடியில் விளக்கு லேசாகக் கண் சிமிட்டுவது தெரிகிறதே, அந்தக் கண் சிமிட்டலில் ரூட்டர் செத்துவிடும். ஃபேனுக்கும் விளக்கிற்கும் அது ஒரு பொருட்டே இல்லை. ரூட்டர் மறுபடி எழுந்து, லாகின் ஆகி, போன்களைச் சேர்த்துக்கொள்ள இரண்டு மூன்று நிமிடம் ஆகும். பல இன்வெர்ட்டர்களில் யூபிஎஸ் மோட், ஈகோ மோட் என்று ஒரு சின்ன சுவிட்ச் உண்டு. யூபிஎஸ் பக்கம் தள்ளினால் மாறும் நேரம் வெகுவாகக் குறையும். அதற்கும் அசையவில்லை என்றால் ரூட்டருக்கென்றே மினி யூபிஎஸ் விற்கிறார்கள். உள்ளங்கை அளவு பெட்டி, உள்ளே லித்தியம் பேட்டரி. அடாப்டருக்கும் ரூட்டருக்கும் நடுவில் மாட்டவேண்டும். வீட்டில் வேலை பார்ப்பவர்கள் எல்லோரும் இதை வாங்கத்தான் வேண்டும் என்பேன். இன்னொரு விஷயம். ஃபைபர் லைனில் கம்பெனி நிலையத்திலிருந்து உங்கள் வீடு வரை நடுவில் கம்பத்தில் இருக்கும் ஒளிப் பிரிப்பான்களுக்கு மின்சாரமே தேவையில்லை. எனவே ஊரில் கரண்ட் போனாலும் அந்த நிலையத்தில் மின்சாரம் இருந்து, உங்கள் பெட்டிக்கும் மின்சாரம் இருந்தால் இணையம் ஓடும்.

சூட்டைப் பற்றி. ரூட்டர் அட்டைப்பெட்டியில் இயங்கும் வெப்பநிலை 0 முதல் 40 டிகிரி வரை என்று போட்டிருப்பார்கள். நம் ஊரில் சித்திரை வைகாசியில் வெளியில் அடிக்கும் வெயிலே 40-ஐத் தொடும். அந்த நாட்களில் பெட்டியை மரப் பீரோவுக்குள் வைத்துக் கதவைச் சாத்தியிருந்தாலோ, டிவி செட்டாப் பாக்ஸ் மேல் படுக்கவைத்திருந்தாலோ, உள்ளே என்ன சூடு இருக்கும்? நம் வீடுகளில் வளவும் (முற்றத்தைச் சுற்றிய பகுதி) பட்டாலையும் (உட்காரும் கூடம்) கோடையிலும் குளிர்ச்சியாகத்தான் இருக்கின்றன. பெட்டி அங்கே காற்றில் இருக்கட்டும். தூசி படிந்த துளைகளை ஒரு பழைய பெயின்ட் பிரஷ்ஷால் தட்டிவிடுங்கள்.

லைன் கோளாறு என்றால் நீங்கள் செய்யக்கூடியது குறைவு, ஆனால் ஒன்றைப் பார்த்து வைக்கலாம். பெட்டியின் உள்பக்கத்தில் ஆப்டிகல் என்ற பகுதியில் உள்ளே வரும் ஒளியின் அளவு டிபிஎம் (dBm) எனும் அலகில் இருக்கும்; மைனஸ் எண் பெரிதாகப் பெரிதாக ஒளி குறைவு. மைனஸ் 15 முதல் மைனஸ் 25 வரை இருந்தால் நிம்மதி. மைனஸ் 27-ஐத் தொட்டால் எப்போது வேண்டுமானாலும் அறுந்துபோகும். லைன்காரரிடம் "நெட் சரியில்லை" என்று சொல்வதைவிட "ஒளி மைனஸ் 28 காட்டுகிறது" என்று சொல்லுங்கள், வேலை சீக்கிரம் நடக்கும். அணில் கடித்த கேபிள், மரக்கிளையில் உரசும் கேபிள், நிலைக்கதவில் மாட்டி நசுங்கிய கேபிள், ஆணியில் சுருட்டி மடக்கித் தொங்கவிட்ட மஞ்சள் வயர், இவைதான் நான் அதிகம் பார்த்த காரணங்கள். ஃபைபரைக் கூர்மையாக மடக்கினால் ஒளி வளைவில் கசிந்துபோகும். சுருட்டுவதானால் டம்ளர் வாயைவிடப் பெரிய வட்டமாகச் சுருட்டுங்கள்.

இப்போது சுவருக்கு வருகிறேன். நம் வீடுகளைக் கட்டியவர்கள் வெயிலை உள்ளே விடக்கூடாது என்று கட்டினார்கள். ஒன்றரை அடி, இரண்டடிச் செங்கல் சுவர், இருபுறமும் பல அடுக்குச் சுண்ணாம்புப் பூச்சு. வெயிலை நிறுத்தும் சுவர் வைஃபையையும் நிறுத்தும். சென்னை அடுக்குமாடியில் அரையடிச் சுவரைத் தாண்டும் அதே ரூட்டர், இங்கே ஒரு சுவரிலேயே மூச்சுத் திணறும். மழைக்காலத்தில் சுவரில் ஈரம் ஊறியிருந்தால் இன்னும் மோசம், தண்ணீர் இந்த அலைகளை விழுங்கும். பட்டாலையில் மாட்டியிருக்கும் பெரிய பெல்ஜியம் கண்ணாடிக்குப் பின்னால் இருக்கும் பூச்சு உலோகம். பீரோவும் இரும்புப்பெட்டியும் உலோகம். அவை அலையை வந்த வழியே திருப்பிவிடும்.

நீங்களே அளந்து பாருங்கள். போனில் வைஃபை அனலைசர் வகைச் செயலி ஒன்றைப் போட்டுக்கொள்ளுங்கள். பெட்டிக்குப் பக்கத்தில் நின்றால் மைனஸ் 35, மைனஸ் 40 டிபிஎம் என்று காட்டும். அப்படியே முகப்பிலிருந்து வளவுக்குள் காலை எடுத்து வையுங்கள். நிலைக்கு இந்தப் பக்கம் ஓர் எண், அந்தப் பக்கம் ஓர் எண். கதவு திறந்திருக்கும்போது ஒன்று, நாலடி தள்ளிச் சுவருக்குப் பின்னால் நின்றால் ஒன்று. 3 குறைந்தால் சக்தி பாதியாகிவிட்டது என்று அர்த்தம், 10 குறைந்தால் பத்தில் ஒரு பங்கு, 20 குறைந்தால் நூறில் ஒரு பங்கு. வீடியோ அழைப்பு நிலையாக ஓட மைனஸ் 67 அல்லது அதைவிடப் பூஜ்யத்துக்குப் பக்கத்தில் இருக்கவேண்டும் என்பது இந்தத் தொழிலில் எல்லோரும் வைத்துக்கொள்ளும் கணக்கு. உங்கள் இரண்டாம் கட்டு அறையில் மைனஸ் 80-க்குப் பக்கத்தில் இருக்கும் என்று நினைக்கிறேன். அளந்து பார்த்துவிட்டு எழுதுங்கள். அப்பத்தாவின் படம் எங்கே நிற்கிறது என்பதும் அப்போது புரியும். பேசிக்கொண்டே பட்டாலையிலிருந்து உள்ளறைக்குள் நுழைவார்கள், நிலையைத் தாண்டிய இரண்டாவது எட்டில் சித்தப்பாவின் முகம் கட்டம் கட்டமாகிவிடும்.

எட்டு ஆன்டெனா இதற்கு ஏன் உதவாது என்று கேட்பீர்கள். வைஃபை வானொலி மாதிரி இல்லை. ஒருவர் பேச மற்றவர் கேட்டுக்கொண்டிருந்தால் போதாது, இருவரும் பேசிக்கொள்ளவேண்டும். ரூட்டர் எவ்வளவு ஓங்கிப் பேசினாலும், உங்கள் போன் அதன் சின்னப் பேட்டரியை வைத்துக்கொண்டு மெல்லிய குரலில் தரும் பதில் அந்தச் சுவரைத் தாண்டி ரூட்டரின் காதில் விழவேண்டும். விழாதபோதுதான், போனில் கோடு நிறைய இருக்கும், ஆனால் ஒன்றும் திறக்காது. ஆன்டெனாக்களின் எண்ணிக்கை பார்வைக்கு மிரட்டும். சுவரின் கனத்தை அது குறைக்காது. இரண்டடிச் சுவரை வெல்ல வழி, சுவருக்கு அந்தப் பக்கம் இன்னொரு பெட்டியை வைப்பதுதான்.

நல்ல செய்தியும் இந்த வீட்டுக்குள்ளேயே இருக்கிறது. முற்றம் திறந்த வெளி. அறைகள் எல்லாம் அதைச் சுற்றிய தாழ்வாரத்தைப் பார்த்துத்தான் கதவு வைத்திருக்கின்றன. முகப்பு அறை மூலையில் இருக்கும் பெட்டியை வளவுத் தாழ்வாரத்தில், தலைக்கு மேல் ஓரடி உயரத்தில், உத்திரத்தை ஒட்டி வைத்தால், சுவரைத் துளைக்கவேண்டிய அலை முற்றத்தைத் தாண்டிக் கதவு வழியாக ஒவ்வொரு அறைக்குள்ளும் போகும். சாரல் படாத பக்கமாகப் பார்த்து வையுங்கள். ஃபைபர் பெட்டியையே நகர்த்தவேண்டியதில்லை. அது முகப்பில் இருக்கட்டும், அங்கிருந்து ஒரு நெட்வொர்க் கேபிளை வளவுக்கு இழுத்து, முனையில் புது ரூட்டரை வையுங்கள். அப்படியே அந்த ரூட்டரிலிருந்து இன்னொரு கேபிளை இரண்டாம் கட்டுத் தாழ்வாரத்துக்குக் கொண்டுபோனால், உங்கள் அறை வாசலிலேயே இரண்டாவது பெட்டி.

கேபிள் இல்லாமல் ரிப்பீட்டர் வைக்கலாமே என்று கடையில் சொல்வார்கள். மலிவு ரிப்பீட்டர் ஒரே ரேடியோவால் கேட்டு, அதே ரேடியோவால் திருப்பிச் சொல்லவேண்டும், வேகம் பாதியாகிவிடும். அதுவும் அதை வைக்கும் இடத்திலேயே சிக்னல் நன்றாக வரவேண்டும். சுவருக்குப் பின்னால் வைத்தால் அது திருப்பிச் சொல்லவும் ஒன்றும் இருக்காது. மெஷ் என்று விற்கும் இரட்டைப் பெட்டிகள் இதைவிட மேல், ஆனால் அவையும் கம்பியில்லாமல் பேசிக்கொள்ளும்போது அதே சுவரோடுதான் மோதவேண்டும். மெஷ் வாங்குங்கள், ஆனால் கேபிளால் இணைத்து ஓட்டுங்கள். மின் வயரிலேயே இணையம் அனுப்பும் கருவிகளும் உண்டு. பழைய வயரிங்கிலும், முன்கட்டுக்கும் பின்கட்டுக்கும் வேறு வேறு மின் பேஸ் (phase) போகும் வீடுகளிலும் அவை என்னிடம் நன்றாக ஓடியதில்லை. பரிந்துரைக்க மாட்டேன்.

கேபிள் இழுப்பதில்தான் என் மனசு கொஞ்சம் அடித்துக்கொள்ளும். மெருகேற்றிய அந்தச் சுண்ணாம்புப் பூச்சில் ஹாமர் டிரில்லை வைத்தால் ஒரு துளைக்கு ஒரு சாண் பூச்சு பெயர்ந்து விழும், அதை அதே பளபளப்போடு திரும்பப் பூச ஆள் கிடைப்பது கஷ்டம். தேக்குத் தூணில் கிளிப் அடிக்கவே கூடாது. ஏற்கெனவே இருக்கும் வழிகளைத் தேடுங்கள். நிலைக்கு மேலே இருக்கும் காற்றுத் துளை, பழைய மின் வயரிங் போன மரப்பட்டி, டிவி கேபிள் போன பாதை, உத்திரத்தின் மேல் விளிம்பு. உத்திரத்தின் மேலேயே கேபிளைப் படுக்கவைத்தால் கீழே நிற்பவர் கண்ணுக்குத் தெரியாது. மின் வயரோடு சேர்த்துக் கட்டாதீர்கள், ஒரு சாண் தள்ளிப் போகட்டும். குறுக்கே தாண்டவேண்டிய இடத்தில் நேர்குறுக்காகத் தாண்டட்டும். மொட்டை மாடி வழியாக இழுப்பது சுலபம் என்று தோன்றும். வேண்டாம். இடி மின்னல் காலத்தில் மாடியில் கிடக்கும் நீளமான செப்புக் கம்பி இரண்டு முனையிலும் இருக்கும் பெட்டிகளைச் சேர்த்து எரித்துவிடும். வீட்டுக்குள்ளேயே, கூரைக்குக் கீழேயே போகட்டும்.

கேபிளின் நீளம் 100 மீட்டர் வரை போகலாம். ஒரு தெருவில் வாசல் வைத்து அடுத்த தெருவில் பின்வாசல் திறக்கும் வீடுகளுக்கும் பெரும்பாலும் இது போதும். கேட்-6, முழுச் செம்பு என்று கேட்டு வாங்குங்கள். செம்பு முலாம் பூசிய அலுமினியக் கேபிளைச் சிசிஏ என்பார்கள், விலை குறைவு, பார்க்க ஒன்றுபோலவே இருக்கும். ஒரு இழையை எடுத்து பிளேடால் சுரண்டிப் பாருங்கள். உள்ளே வெள்ளி நிறம் தெரிந்தால் வேண்டாம். முனையில் ஆர்ஜே-45 முள் அடிக்கும்போது எட்டு இழையும் சேரவேண்டும். நாலு மட்டும் சேர்ந்தால் இணைப்பு வேலை செய்யும், ஆனால் 100 எம்பிபிஎஸ்ஸோடு நின்றுவிடும். அடித்து முடித்தவுடன் லேப்டாப்பில் மாட்டி 1 ஜிகாபிட் என்று காட்டுகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் வேலைக்காரரை அனுப்பவேண்டும்.

சரி, இப்போது ரூட்டர். ஒரு பெரிய ரூட்டருக்குப் போடும் பணத்தில் இரண்டு நடுத்தர ரூட்டரும் கேபிளும் வாங்கிவிடலாம், இந்த வீட்டுக்கு அதுதான் பொருந்தும். வைஃபை 6 உள்ளதாக வாங்குங்கள். வைஃபை 4 வந்தது 2009-இல். ஒரே அலைவரிசையில் 300 எம்பிபிஎஸ் என்று இன்னும் விற்கும் மலிவுப் பெட்டிகள் அந்தத் தலைமுறை. அவற்றை இனி வாங்கவேண்டாம். வைஃபை 7 விற்பனையில் இருக்கிறது, ஆனால் உங்கள் போனும் லேப்டாப்பும் அதைப் பேசத் தெரிந்திருந்தால்தான் அந்தப் பணத்துக்குப் பலன். 100 எம்பிபிஎஸ் லைனுக்கு வைஃபை 6 தாராளம்.

அட்டைமேல் இருக்கும் ஏஎக்ஸ்1500, ஏஎக்ஸ்3000 என்ற எண்களைப் பார்த்து மயங்காதீர்கள். அது இரண்டு அலைவரிசைகளின் அதிகபட்ச வேகத்தையும் கூட்டிப் போட்ட எண். ஏஎக்ஸ்1500 என்றால் 2.4 ஜிகாஹெர்ட்ஸில் 300, 5 ஜிகாஹெர்ட்ஸில் 1200. பொதுவாகப் போன்கள் இரண்டையும் கூட்டி எடுத்துக்கொள்வதில்லை, ஆய்வுக்கூடத்து உச்சம் வீட்டிலும் வராது. உங்கள் வேலைக்கு ஏஎக்ஸ்1500 போதும். ஒரு வீடியோ அழைப்புக்குத் தேவை சுமார் 4 எம்பிபிஎஸ்தானே.

அதைவிட முக்கியமாக அட்டையின் பின்பக்கத்தைப் படியுங்கள். எல்லாப் போர்ட்டும் ஜிகாபிட்டா? விலை குறைந்தவற்றில் வைஃபை 1200 என்று போட்டுவிட்டு, லைன் நுழையும் போர்ட்டை 100-ஓடு நிறுத்தியிருப்பார்கள். நாளைக்கு 200 எம்பிபிஎஸ் திட்டத்துக்கு மாறினால் பாதி வாசலிலேயே நின்றுவிடும். ஆக்சஸ் பாயின்ட் மோட், அதாவது முகவரி கொடுக்கும் வேலையை முதல் பெட்டியிடமே விட்டுவிட்டு வைஃபை மட்டும் தரும் முறை, இருக்கிறதா? உங்களுக்கு இது கட்டாயம். டபிள்யூபிஏ3 பாதுகாப்பு இருக்கிறதா? 2018-இல் வந்தது, இப்போது இருக்கவேண்டும். அந்த மாடலுக்கு ஃபர்ம்வேர் எனும் உள்மென்பொருள் கடைசியாக எப்போது வந்தது என்று கம்பெனித் தளத்தில் பாருங்கள். இரண்டு மூன்று வருடமாக ஒன்றும் வராத மாடலை, எவ்வளவு தள்ளுபடி கொடுத்தாலும் விட்டுவிடுங்கள். டிபி-லிங்க், ஆசஸ், டி-லிங்க், நெட்கியர் எதுவானாலும் இந்த நாலு கேள்விக்கும் பதில் சரியாக இருந்தால் எனக்குச் சம்மதம். செக்காலை ரோட்டில் கடையில் வாங்கினாலும் ஆன்லைனில் வாங்கினாலும் பில்லை போனில் படம் எடுத்து வையுங்கள். வெப்பத்தாளில் அடித்த பில் ஒரு கோடையில் வெளுத்துவிடும், உத்தரவாதம் கேட்கும்போது வெறும் வெள்ளைத் தாள்தான் கையில் இருக்கும்.

ஒன்றை மறந்துவிடாதீர்கள். ஃபைபர் வந்து நுழையும் அந்தக் கம்பெனிப் பெட்டியை நீங்களாக எடுத்துவிட முடியாது. ஃபைபரில் வரும் ஒளியை மின் சிக்னலாக மாற்றுவது அதுதான். புது ரூட்டர் அதற்குப் பின்னால்தான் வரும். அந்தக் கம்பெனிப் பெட்டியே பழுது என்று தெரிந்தால், காசு போடுவதற்கு முன் அவர்களிடமே மாற்றித் தரச் சொல்லிக் கேளுங்கள்.

அமைக்கும்போது புதுப் பெட்டிகள் இரண்டையும் ஆக்சஸ் பாயின்ட் மோடில் போடுங்கள். இல்லாவிட்டால் ஒரு வீட்டில் இரண்டு மூன்று பேர் முகவரி கொடுக்க ஆரம்பித்து, ஆபீஸுக்குப் போகும் பாதுகாப்பு இணைப்பான விபிஎன் தகராறு செய்யும். எல்லாப் பெட்டிக்கும் ஒரே பெயர், ஒரே கடவுச்சொல். அப்போதுதான் அப்பத்தா பட்டாலையிலிருந்து அடுப்படிக்கு நடக்கும்போது போன் தானாக அடுத்த பெட்டிக்குத் தாவும். 2.4 ஜிகாஹெர்ட்ஸில் சேனல் அகலம் 20 மெகாஹெர்ட்ஸ் என்று வைத்து, ஒன்றுக்குச் சேனல் 1, மற்றதற்கு 6, மூன்றாவதற்கு 11. இந்த மூன்றுதான் ஒன்றோடொன்று உரசாதவை. 5 ஜிகாஹெர்ட்ஸில் 36 முதல் 48 வரை, அல்லது 149 முதல் 161 வரை ஏதாவது ஒன்று. நடுவில் இருக்கும் சேனல்கள் ராடாருடன் பகிர்ந்துகொள்பவை, ராடார் போல எதையாவது உணர்ந்தால் ரூட்டர் அந்தச் சேனலை விட்டு ஓடிவிடும், நீங்கள் கூட்டத்தில் பேசிக்கொண்டிருக்கும்போது அது வேண்டாம். 2.4-இன் சக்தியை மட்டும் நடுத்தரமாகக் குறையுங்கள். முழுச் சக்தியில் விட்டால் போன் தூரத்துப் பெட்டியையே பிடித்துக்கொண்டு விடாது. உங்கள் லேப்டாப்பை மட்டும் வைஃபையில் விடாமல் இரண்டாம் கட்டுப் பெட்டியிலிருந்து சின்னக் கேபிளால் மாட்டிவிடுங்கள். வேலை அதில் நடக்கட்டும்.

இவ்வளவும் செய்வதற்கு முன், நாளைக் காலையிலிருந்து மூன்று நாள் ஒரு நோட்டில் எழுதுங்கள். அறுந்த நேரம், அப்போது எந்த விளக்கு எப்படி இருந்தது, கரண்ட் வந்து போனதா, பெட்டி தொட்டால் சூடாக இருந்ததா. அதோடு அடாப்டரின் படமும், ஒளி அளவும், வளவிலும் உங்கள் அறையிலும் எடுத்த சிக்னல் எண்ணும். அடாப்டரில்தான் கோளாறு என்று தெரிந்தால் புதுப் பெட்டி இரண்டு வேண்டாம், ஒன்று போதும். இப்போது நீங்கள் தனி ரூட்டர் ஏதாவது பயன்படுத்திக்கொண்டிருந்தால் அதைத் தூக்கிப் போடாதீர்கள். புது அடாப்டரோடு, ஆக்சஸ் பாயின்ட் மோடில், அது பின்கட்டு அடுப்படிக்கு இன்னும் சில வருடம் தாராளமாக உழைக்கும். அப்பத்தா சாயங்காலம் சித்தப்பாவோடு பேசுவது அங்கே உட்கார்ந்துதான் என்றால் அந்தப் பெட்டியை முதலில் மாட்டுங்கள், மற்றதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.